வாரிய வீட்டுக்கு விண்ணப்பிக்கலாமா, அங்கே குடியிருக்க முடியுமா?

மதுரை செல்லூரில் காம்பவுண்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்குப் பழவண்டி வியாபாரம். அம்மா வீட்டிலிருந்தே பூக்கட்டுகிறார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். கேள்விகள் மூன்று: வாரிய வீட்டுக்கு, அதாவது அரசு வாரியம் கட்டி ஒதுக்கும் அடுக்குமாடி வீட்டுக்கு, எப்படி விண்ணப்பிப்பது? ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் தன் வீட்டை மூன்று லட்சத்துக்கு எழுதித் தருவதாகச் சொல்கிறார், வாங்கலாமா? வாங்கினாலும் ஒதுக்கீட்டில் கிடைத்தாலும், அங்கே போய்ப் பிழைக்க முடியுமா?

தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பணம் போவது அதில்தான். வாங்காதீர்கள்.

அவர் கையில் இருப்பது பெரும்பாலும் ஒதுக்கீட்டு ஆணையாக இருக்கும். அந்த ஆணை அவரைக் குடியிருக்க அனுமதிக்கிறதே தவிர விற்க அனுமதிக்கவில்லை. முழுத் தொகையும் கட்டி, வாரியம் அவர் பெயருக்குக் கிரயப் பத்திரம் பதிந்து கொடுத்த பிறகுதான் வீடு அவருடையது. அதுவரை முத்திரைத்தாளில் எழுதும் ஒப்பந்தம், பவர் பத்திரம், ‘மூன்று வருடத்துக்கு ஒத்தி’ என்று எழுதிக்கொள்ளும் காகிதம் எதுவும் வாரியத்தின் முன் செல்லாது. கரண்டு அட்டை அவர் பெயரில் இருக்கும், வரிசீட்டு அவர் பெயரில் இருக்கும், பணம் மட்டும் உங்களுடையதாக இருக்கும். அதிகாரிகள் ஒருநாள் கணக்கெடுக்க வந்து கதவைத் தட்டினால், உள்ளே இருக்கும் நீங்கள்தான் ஆக்கிரமிப்பாளர். பத்திரமே என்னிடம் இருக்கிறது என்று அவர் சொன்னால் மூலப் பத்திரத்தைக் கேளுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரத்தில் இத்தனை ஆண்டுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று, பத்திரம் எழுதுபவர் அல்லாத வேறொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி விண்ணப்பம். முதலில் எந்த வாசலில் நிற்பது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மதுரையில் ‘ஹவுசிங் போர்டு’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வாரியங்களையும் சொல்லிவிடுகிறோம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம். அண்ணா நகர், எல்லீஸ் நகர், இப்போது உச்சப்பட்டி–தோப்பூர் துணைக்கோள் நகரம் எல்லாம் அதன் கணக்கு. அது மனையையும் வீட்டையும் விலைக்கு விற்கும் வாரியம். முன்பணம், தவணை, வங்கிக் கடன் என்று போகும். மாதச் சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு அது தோது. உங்களுக்கு உரியது இன்னொன்று: 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. பெயர்ப் பலகை மாறினாலும் ஆட்டோக்காரரிடம் குடிசை மாற்று என்று சொன்னால்தான் வண்டி நகரும். நகரத்தின் கிழக்கே ராஜாக்கூரில் இருக்கும் அடுக்குமாடிகள் இதனுடையவை.

இந்த வாரியத்தின் வீடு இரண்டு வழியில் கிடைக்கிறது. வாய்க்கால் கரை, ஆற்றங்கரை போன்ற நீர்நிலைப் புறம்போக்கில் குடியிருப்பவர்களை அங்கிருந்து எடுக்கும்போது மாற்று இடமாகக் கொடுப்பது ஒரு வழி. வைகைக் கரையிலும் பந்தல்குடி வாய்க்கால் ஓரத்திலும் இருப்பவர்களுக்கு இது புதிதில்லை. அங்கே விண்ணப்பத்தைவிடக் கணக்கெடுப்புதான் முக்கியம். கணக்கெடுக்க வரும் நாளில் வீட்டில் ஆள் இல்லை, கதவு பூட்டியிருந்தது என்றால் பட்டியலில் பெயர் ஏறாது. பிறகு அலைவது பெரும்பாடு. நீங்கள் இருப்பது பட்டா இடத்தில் கட்டிய வாடகை வீடு. அதனால் உங்களுக்கு இரண்டாவது வழி: நகர்ப்புறத்தில் வீடற்ற ஏழைகள் என்ற பிரிவு.

இதற்கான தகுதி மூன்றே வரிதான். குடும்பத்தின் மாத வருமானம் 25,000 ரூபாய்க்குள், அதாவது ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் பெயரிலோ குடும்பத்தார் பெயரிலோ இந்தியாவில் எங்கும் சொந்த வீடு இருக்கக் கூடாது. முன்பு அரசு வீட்டுத் திட்டம் எதிலும் பயன் பெற்றிருக்கக் கூடாது. 2024இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0இல் கடந்த இருபது ஆண்டுக்குள் பயன் பெற்றிருக்கக் கூடாது என்று இதற்கு எல்லை வைத்திருக்கிறார்கள். கடைசி இரண்டிலும் பொய் சொல்லலாம், யார் பார்க்கப் போகிறார்கள் என்று டீக்கடையில் சொல்வார்கள். முன்பு பயன் பெற்றது ஆதார் எண்ணைப் போட்டதும் தெரிந்துவிடுகிறது. ஊரில் அப்பா பெயரில் காரை வீடு ஏதாவது இருந்தால் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஊர் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் கிராமத்தில் உங்களுக்குப் பட்டா இடம் இருந்து, அதில் குடிசைதான் நிற்கிறது என்றால் கணக்கு வேறு. கிராமப்புறத்தில் குடிசையில் வாழ்கிறவர்களுக்காக 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். அதற்கு ஊராட்சி அலுவலகம்தான் வாசல். ஆனால் அந்தக் குடிசையில் குடியிருப்பவருக்குத்தான் அது. செல்லூரில் இருந்துகொண்டு ஊர்க் குடிசையைக் காட்டினால் அந்த ஊர்க்காரர்களே விட மாட்டார்கள்.

தாள்கள் என்று பார்த்தால் பெரியவர்கள் எல்லாருடைய ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம், சொந்த வீடு இல்லை என்ற உறுதிமொழி. வருமானச் சான்றை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி எடுக்கலாம். மேலே கேட்டால் ரசீது கேளுங்கள், குரல் இறங்கிவிடும். எல்லாத் தாளிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஆதாரில் ‘முத்துலெட்சுமி’, குடும்ப அட்டையில் ‘முத்துலட்சுமி’, இனிஷியல் ஒன்றில் கணவருடையது, ஒன்றில் அப்பாவுடையது என்று இருந்தால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்வார்கள். கிரயப் பத்திரம் போடும் நாளில் அது உங்கள் முன் வந்து நிற்கும். இப்போதே திருத்திவிடுங்கள். அம்மாவுக்கு முழங்கால் பிரச்சினையோ வேறு குறைபாடோ மருத்துவச் சான்று பெறும் அளவுக்கு இருந்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை இப்போதே எடுத்துவையுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டுத் திட்டங்களில் ஐந்து சதவீத இட ஒதுக்கீடு தருகிறது. தரைத்தள வீடு கேட்பதற்கும் அந்த அட்டைதான் பேசும். மாடி ஏற முடியவில்லை என்று வாயால் சொல்வதை யாரும் எழுதிக்கொள்வதில்லை.

விண்ணப்பத்தை வாரியத்தின் மதுரை அலுவலகத்தில் கொடுக்கலாம். அவ்வப்போது சிறப்பு முகாம் நடத்துவார்கள், அப்போது கொடுத்தால் தாள் சரிபார்ப்பு அன்றே முடியும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்பவர்களும் உண்டு. எங்கே கொடுத்தாலும் மனு எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். பல மாதம் ஆகியும் சத்தமில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில், இன்ன மனு என்ன நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும். சண்டை போடுவதைவிட இது வேகமாக வேலை செய்கிறது.

பங்குத் தொகையைப் பற்றித்தான் அதிகம் பேசப்படுகிறது. அரசு வீடு இலவசம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் திகைத்துப்போகிறார்கள். பிரதமர் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒன்றிய அரசு ஒன்றரை லட்சம் தருகிறது, மாநில அரசு தன் பங்கைப் போடுகிறது, மீதியைப் பயனாளி கட்ட வேண்டும். அந்த மீதி எவ்வளவு என்பது இடத்தையும் கட்டடத்தையும் பொறுத்தது. உங்களுக்கு வரும் ஆணையில் உள்ள எண்ணே எண். அதை வாரியத்தின் பெயருக்கு வங்கி வழியாக மட்டும் கட்டுங்கள். ஒரே மூச்சில் கட்ட முடியாதவர்களுக்கு வங்கிக் கடனுக்கு வாரியமே ஏற்பாடு செய்வதுண்டு. கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, வட்டி கட்டுவதற்காக வீட்டை ஒத்திக்கு விட்டு, திரும்பவும் வாடகை வீட்டுக்கே வந்தவர்களை நான் அறிவேன். ‘சீக்கிரம் முடித்துத் தருகிறேன், மேலே கொஞ்சம் கொடுங்கள்’ என்று ஒருவர் வருவார். எல்லா வாரிய வீட்டுக்கும் அப்படி ஒருவர் வருவார். வீடு ஒதுக்கீடு குலுக்கலில் நடக்கும்போது அவரால் எந்தச் சீட்டையும் எடுத்துக் கொடுக்க முடியாது. உங்களுக்குத் தானாகவே விழுந்தால் தன்னால்தான் விழுந்தது என்பார், விழாவிட்டால் போனை எடுக்க மாட்டார். அவருடைய வியாபாரமே அவ்வளவுதான்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உண்மையில் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இதுதான். வாடகை 5,000 மிச்சம் என்று நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். அந்த 5,000த்தில் வீடு மட்டுமா வருகிறது? அம்மாவுக்கு மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து உதிரிப் பூ யாரோ கொண்டுவந்து கொடுக்கிறார்கள், கட்டியதை எடுத்துக்கொண்டு போகிறார்கள். பூ காத்திருக்காது. வீடு ஊருக்கு வெளியே போனால் ஒரு கிலோ மல்லிகையை அவ்வளவு தூரம் கொண்டுவந்து கொடுப்பவர் யார்? அம்மா தானே போய் வாங்கி வரலாம், சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. ஆனால் விடியற்காலையில் அந்தப் பஸ் வருகிறதா, வந்தால் எத்தனை மணிக்கு? உங்கள் வண்டி ராத்திரி எங்கே நிற்கும்? தரைத்தளத்தில் நிறுத்த இடம் இருக்கிறதா, அல்லது நகரத்துக்குள்ளேயே வாடகைக்கு ஓர் இடம் பிடித்து நிறுத்திவிட்டுப் போக வேண்டுமா? பிள்ளைகள் ஆண்டுப் பரீட்சை முடிக்கும்வரை பழைய பள்ளிக்கூடத்துக்கே போனால் அந்த அலைச்சல் யாருடையது?

இதையெல்லாம் எழுதுவது போகாதீர்கள் என்று சொல்வதற்காக அல்ல. அங்கே போய் நன்றாக இருக்கும் குடும்பங்கள் நிறைய. ஒரே அறையில் எல்லாரும் படுத்து, வளவுக்கே ஒரு கழிப்பறைக்கு வரிசையில் நின்ற பெண்களுக்கு, தனிக் கழிப்பறையும் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடும் கதவும் என்ன தருகின்றன என்பதை ஆண்கள் எழுதும் அறிக்கைகளில் பார்க்க முடியாது. போவதற்கு முன் ஒரு வேலைநாளில், ஞாயிறு வேண்டாம், அதிகாலையில் அந்த இடத்திலிருந்து உங்கள் வேலைக்கும் அம்மாவின் பூவுக்கும் பள்ளிக்கும் போய்வந்து பாருங்கள். அந்த ஒரு நாள் செலவை வேலைநாட்களால் பெருக்கினால் வாடகை மிச்சத்தில் எவ்வளவு தங்கும் என்பது தெரிந்துவிடும்.

குடியிருப்பு வாழ்க்கை என்பது தண்ணீரில் தொடங்குகிறது. மொட்டைமாடியில் சின்டெக்ஸ் தொட்டிகள், கீழே மோட்டார், நடுவில் வால்வுகள். வால்வு திறக்கும் நீளமான இரும்புச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த பிளாக்கின் அரசர். தரைத்தளத்தில் ஒருவர் குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போனால் மூன்றாம் மாடியில் காற்றுதான் வரும். அடுத்தது மோட்டார். காயில் கருகிவிட்டால், அதுவும் சித்திரை வெயிலில்தான் கருகும், கட்டிக்கொண்டு வர ஒரு தொகை வேண்டும். ‘நான் கீழ்வீடு, எனக்கு அடிபம்பு இருக்கிறது, நான் ஏன் தர வேண்டும்?’ என்பார் ஒருவர். ‘போன தடவை கொடுத்ததற்கே கணக்கு வரவில்லை’ என்பார் இன்னொருவர். முதல் ஆளை விட்டுவிடலாம். இரண்டாமவர் கேட்பது நியாயம்.

எங்கள் பிளாக்கில் நான் பொருளாளர் பொறுப்புக்கு வந்தபோது செய்தது ஒன்றே ஒன்றுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, படிக்கட்டு அடியில் நின்று நோட்டைச் சத்தமாகப் படிப்பது. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை, மோட்டார் காயிலுக்கு எவ்வளவு, படிக்கட்டு பல்புக்கு எவ்வளவு, கழிவுநீர்க் குழாய் அடைப்பு எடுத்தவருக்கு எவ்வளவு, டீ எவ்வளவு. டீ கணக்கைப் படிக்கும்போதுதான் எல்லாரும் காது கொடுத்துக் கேட்கிறார்கள். படித்து முடித்ததும் அந்தப் பக்கத்தின் நகலைச் சுவரில் ஒட்டிவிடுவோம். கொடுக்காதவர் பெயரைத் தனியாக எழுதி அவமானப்படுத்தத் தேவையில்லை. பட்டியலில் அந்த இடம் காலியாக இருந்தால் அவர் வீட்டுப் பிள்ளையே வந்து கேட்டுவிட்டுப் போகிறது.

குடியிருப்போர் சங்கம் அமைத்து, அதைப் பதிவு செய்துகொள்வது நல்லது. 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் ஏழு பேர் சேர்ந்தால் போதும். ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இருப்பதால் தலைவரும் கொஞ்சம் அடங்கியிருப்பார். பதிவு செய்த சங்கமாக இருந்தால் வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்துக்கும் வழி உண்டு. குடியிருப்பவர்களிடம் வசூலாகும் பராமரிப்புத் தொகைக்கு இணையாக அரசும் பணம் போடும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் முதலில் நம் பக்கத்துத் தொகை சேர வேண்டும். பொது மின் இணைப்புக்கான கட்டணமும் இதிலிருந்துதான் போகும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற நினைப்பிலேயே இருந்து, மோட்டாருக்கான பில்லைப் பார்த்துப் பல சங்கங்கள் படுத்துவிட்டன.

சண்டைகள் வரும். தரைத்தளத்துக்காரர் தகரம் போட்டு முன்பக்கத்தை இழுப்பார், அதற்கு அடியில் கழிவுநீர் ஆள்நுழைவுக் குழி மூடிக்கொள்ளும், அடைப்பு வந்தால் எல்லா வீட்டிலும் பொங்கும். இதைத் தொடக்கத்திலேயே, ஒரு செங்கல் வைக்கும்போதே தடுக்க வேண்டும். கூரை போட்ட பிறகு பேசினால் அது பகையாகிவிடும். மேல்மாடிக்காரர் குப்பையைப் பையில் கட்டிச் சன்னல் வழியாகப் போடுவார். ஆடு வளர்த்துப் பழகியவர் அதையும் கூட்டிக்கொண்டு வருவார். முதல் வாரம் பிள்ளைகளுக்கு வேடிக்கையாக இருக்கும்.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் கட்டடங்களை வரைந்தவர்கள் சாவை நினைத்துப் பார்க்கவில்லை. மூன்றாம் மாடியில் பெரியவர் ஒருவர் இறந்துவிட்டால், ஐஸ் பெட்டி படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பாது. உடலை நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி, நான்கு பேர் பிடித்து இறக்க வேண்டும். கீழே பெட்டி வைக்க, பந்தல் போட, நாற்காலி போட, பறை அடிக்க எங்கே இடம்? எங்கள் பிளாக்கில் வண்டிகள் நிறுத்தும் இடத்தை அன்றைக்கு மட்டும் விட்டுக்கொடுப்பது என்று பேசிவைத்திருக்கிறோம். கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரி எல்லாவற்றுக்கும் அதே இடம்தான். வேறு வேறு கரைகளிலிருந்தும் தெருக்களிலிருந்தும் வந்து சேர்ந்த, ஒருவரை ஒருவர் அறியாத குடும்பங்கள் அங்கே நாற்காலி எடுத்துப் போடும்போதுதான் முதன்முதலாகப் பேசிக்கொண்டார்கள். குலுக்கல் சீட்டு அக்கம்பக்கத்தைக் கலைத்துப் போட்டுவிடுகிறது. செல்லூரில் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போகும் அந்தப் பக்கத்து வீட்டு அக்கா அங்கே இருக்க மாட்டார். உங்கள் தெருவிலிருந்து நான்கைந்து குடும்பம் சேர்ந்து விண்ணப்பித்தால், ஒரே பிளாக்கில் கொடுங்கள் என்று கூட்டாக மனுக் கொடுத்துப் பாருங்கள். கேட்பதில் தவறில்லை.

முகவரியைச் சொன்னதும் ‘அந்த ஏரியாவா?’ என்று புருவம் உயர்த்துவோரும் இருக்கிறார்கள். வேலை கேட்கப் போகும் இளைஞர்களுக்கு இது உறுத்தும். குடியிருப்பின் பெயரைச் சொல்லாமல் ஊர்ப் பெயரை மட்டும் எழுதுகிற பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

சாவி கொடுக்கும் நாளில் மாலை, புகைப்படம் எல்லாம் முடிந்ததும் ஓடிவிடாமல் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். எல்லாக் குழாயையும் திறந்து மூடுங்கள், ஒரு வாளித் தண்ணீரைக் குளியலறையில் ஊற்றி வடிகிறதா, கீழ்வீட்டுக் கூரையில் கசிகிறதா என்று பாருங்கள், கழிப்பறையில் ஊற்றிப் பாருங்கள், மீட்டர் எண்ணும் ஆணையில் உள்ள கதவு எண்ணும் உங்கள் வீட்டினுடையவையா என்று ஒப்பிடுங்கள். குறை இருந்தால் கையெழுத்துப் போடும் பதிவேட்டிலேயே எழுதி, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குடியேறிய பிறகு சொன்னால் நீங்கள் உடைத்ததாகத்தான் எழுதுவார்கள். குடும்ப அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை மூன்றிலும் முகவரியை உடனே மாற்றிவிடுங்கள். அடுத்த கணக்கெடுப்பில் நீங்கள்தான் அங்கே இருக்கிறீர்கள் என்பதற்கு அவையே சாட்சி.

விண்ணப்பத்தை யார் பெயரில் போடுவது என்பதை மட்டும் இந்த வாரத்துக்குள் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். இந்தத் திட்டங்களில் குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோதான் வீடு வரும். உங்கள் வீட்டில் தலைவி என்று குடும்ப அட்டையில் இருப்பது அம்மாவா, உங்கள் மனைவியா? அம்மா பெயரில் வந்தால் பிற்காலத்தில் வாரிசுச் சான்று, உடன்பிறந்தவர்களின் சம்மதம் என்று ஒரு சுற்று இருக்கிறது. உங்களுக்குக் கட்டிக்கொடுத்த தங்கை இருக்கிறார் என்றால் இதை அவருக்கும் தெரியும்படி பேசுங்கள். வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் அந்தப் பெயரிலேயே வேண்டும். பெயர் முடிவானதும் சொல்லுங்கள், உறுதிமொழியின் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன்.